ஃபார்மட் பண்ணும் முன்: அறிகுறி பார்த்து விண்டோஸைச் சரிசெய்வது எப்படி

வீட்டுக் கணினி மக்கர் பண்ணினால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது, "ஃபார்மட் பண்ணி விண்டோஸ் போட்டுடலாம்" என்பதுதான். விண்டோஸ் போடுவது கஷ்டமான வேலையே இல்லை. எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) இருந்தால் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அழிந்துபோன படங்களும் எழுதிய பக்கங்களும் திரும்பி வராது. அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் நான் ஒரே கேள்வியோடுதான் தொடங்குவேன்: கோளாறு விண்டோஸிலா, அது குடியிருக்கும் டிஸ்க்கிலா? விண்டோஸில் என்றால் நிதானமாகச் செய்யலாம். டிஸ்க்கில் என்றால், கணினி ஓடும் ஒவ்வொரு நிமிடமும் உங்கள் கோப்புகளுக்கு ஆபத்து.

கையில் மூன்று பொருட்கள் வேண்டும். ஓடுகிற வேறொரு கணினி, குறைந்தது 8 ஜிபி உள்ள காலி பென் டிரைவ், உங்கள் கோப்புகள் மொத்தமும் அடங்கும் அளவுக்கு ஓர் எக்ஸ்டர்னல் டிஸ்க். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அதனால் உண்மையிலேயே காலியானதாக எடுங்கள்.

லோகோ வருகிறது, புள்ளிகள் சுற்றுகின்றன, மறுபடி ரீஸ்டார்ட் ஆகிறது

முதலில் பிரிண்டர், பென் டிரைவ், எக்ஸ்டர்னல் டிஸ்க் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒருமுறை ஆன் செய்து பாருங்கள். இது மட்டுமே காரணமாக இருந்த கணினிகளை நான் பார்த்திருக்கிறேன். அப்படியும் சரியாகவில்லையா? லோகோ தெரியும் நேரத்தில் பவர் பட்டனைச் சுமார் 10 விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் விண்டோஸ் தானாகவே மீட்புத் திரைக்குப் போகும். அங்கே "ட்ரபுள்ஷூட்", அதற்குள் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்".

இந்தத் திரையில் எதை முதலில் தொடுவது என்பது முக்கியம். "ஸ்டார்ட்அப் ரிப்பேர்" எதையும் அழிக்காது, அதை முதலில் ஓடவிடுங்கள். நேற்று அப்டேட் ஆன பிறகுதான் இந்தத் தொல்லை என்றால் "அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்" போய்க் கடைசி அப்டேட்டை நீக்குங்கள். அப்புறம் "சிஸ்டம் ரீஸ்டோர்". முன்பே மீட்புப் புள்ளி பதிவாகியிருந்தால்தான் இது உதவும். எதுவும் பலிக்கவில்லை என்றால் சேஃப் மோடில் (அடிப்படை மென்பொருள் மட்டும் ஏறும் நிலை) திறக்கிறதா என்று பாருங்கள். சேஃப் மோடில் ஒழுங்காகத் திறந்தால் விண்டோஸ் உயிரோடுதான் இருக்கிறது, கடைசியாக ஏற்றிய டிரைவரோ (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) வேறு மென்பொருளோ காலை வாருகிறது என்று பொருள். அதை மட்டும் நீக்கினால் போதும். ஃபார்மட் தேவையே இல்லை.

அதே மெனுவில் "ரீசெட் திஸ் பிசி" என்று ஒன்று கண்ணில் படும். அதற்குள் "கீப் மை ஃபைல்ஸ்" என்ற வாசகம் மனதுக்கு ஆறுதலாக இருக்கும். அது உங்கள் பயனர் ஃபோல்டரில் உள்ள கோப்புகளை விட்டுவைக்கும், நீங்கள் ஏற்றிய மென்பொருட்களை நீக்கிவிடும். சில மென்பொருட்கள் தங்கள் தரவைத் தங்கள் நிறுவல் ஃபோல்டருக்குள்ளேயே வைத்திருக்கும், அதுவும் சேர்ந்து போய்விடும். பாதியில் மின்சாரம் போனால் இன்னும் சிக்கல். ஆகவே கோப்புகளை வெளியே எடுத்த பிறகுதான் இதைத் தொட வேண்டும்.

திறக்காத கணினியிலிருந்து கோப்புகளை எப்படி எடுப்பது? நான் உபுண்டு (லினக்ஸ் வகையைச் சேர்ந்த இலவச இயங்குதளம்) பென் டிரைவைத்தான் நம்புகிறேன். வேறொரு கணினியில் உபுண்டுவை இறக்கி, ரூஃபஸ் அல்லது பலேனாஎட்சர் என்ற மென்பொருள் மூலம் பென் டிரைவில் எழுதுங்கள். அதிலிருந்து பூட் செய்யும்போது, அதாவது கணினியை அதிலிருந்து தொடங்கும்போது, நிறுவச் சொல்லிக் கேட்கும். நிறுவாமல் "ட்ரை உபுண்டு" என்பதைத் தேர்ந்தெடுங்கள். டிஸ்க்கில் எதையும் எழுதாமல் முழு டெஸ்க்டாப் வந்துவிடும். விண்டோஸ் டிஸ்க்கைத் திறந்து, "யூசர்ஸ்" ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் உள்ளதை எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு நகலெடுங்கள். "படிக்க மட்டும்தான் முடியும்" என்று உபுண்டு சொன்னால் பயப்பட வேண்டாம். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், டிஸ்க்கை அரைத் தூக்கத்தில் விட்டுப் போயிருக்கிறது, அவ்வளவுதான். நமக்கு வேண்டியதும் படிப்பது மட்டுமே. வலுக்கட்டாயமாக எழுதும் நிலைக்கு மாற்றாதீர்கள்.

இன்னொன்று. விண்டோஸ் எப்படியோ திறந்துவிடுகிறது, ஆனால் அடிக்கடி முறுக்கிக்கொள்கிறது என்றால், அழித்துப் போடுவதற்கு முன் மேலேயே மறுபடி போட்டுப் பார்க்கலாம். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே விண்டோஸ் நிறுவல் பென் டிரைவில் (உருவாக்கும் விதம் கீழே) உள்ள செட்டப்பை இருமுறை கிளிக் செய்து, கோப்புகளையும் மென்பொருட்களையும் வைத்துக்கொள்ளச் சொல்லித் தொடருங்கள். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிக்கவரி போனால் விண்டோஸ் அப்டேட் வழியாக மறுநிறுவல் செய்யும் பட்டனே இருக்கிறது. நான் பார்த்த "ஃபார்மட் பண்ணியே ஆகணும்" கேஸ்களில் பாதிக்கு மேல் இதிலேயே தீர்ந்துவிட்டன.

"நோ பூட்டபிள் டிவைஸ்" என்கிறது, அல்லது டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம்

சத்தம் வந்தால் உடனே அணையுங்கள். பழைய வகை ஹார்ட் டிஸ்க்கில் சீராக விட்டுவிட்டுக் கேட்கும் அந்த டக், படிக்கும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்பத் தேடும் ஓசை. இந்த நிலையில் செக்டிஸ்க் (டிஸ்க் பிழைகளைத் திருத்தும் கருவி) ஓட்டாதீர்கள். டிஃப்ராக் (கோப்புத் துண்டுகளை ஒழுங்குபடுத்துவது) வேண்டாம், ஃபார்மட் நிச்சயமாக வேண்டாம். ஈடு செய்ய முடியாத கோப்புகள் அதில் இருந்தால், வீட்டில் எதையும் முயற்சி செய்யாமல் தரவு மீட்பு செய்பவர்களிடம் கொடுப்பதே நல்லது.

சத்தம் இல்லை, செய்தி மட்டும் வருகிறதா? பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) போய் டிஸ்க்கின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இருந்தால் டிஸ்க் உயிரோடு இருக்கிறது. பூட் வரிசை மாறியிருக்கலாம், அல்லது பூட் கோப்புகள் கெட்டிருக்கலாம். பெயரே இல்லையென்றால் கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், எஸ்எஸ்டியை அதன் துளையிலிருந்து எடுத்து மறுபடி பொருத்துங்கள். பயாஸில் தேதியும் பழைய வருடத்தைக் காட்டினால் தாய்ப்பலகையில் உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கிறது. பெரும்பாலும் சிஆர்2032 வகைதான். அது தீர்ந்தால் பயாஸ் அமைப்புகளும் தொலையும், பூட் வரிசையும் தொலையும்.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் எதைத் திறந்தாலும் நிமிடக்கணக்கில் ஆகிறது என்றால் அதையும் இந்த வகையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவுகளைக் காட்டும். நீல நிறம் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு முடிந்தது. அதில் "ரீஅலொகேட்டட் செக்டர்ஸ்", "கரன்ட் பெண்டிங் செக்டர்" என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். இவை பூஜ்யமாக இல்லாமல் நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க் செத்துக்கொண்டிருக்கிறது. அதில் விண்டோஸை மறுபடி போட்டால் சில வாரங்களுக்கு வேகமாக ஓடுவதுபோலத் தெரியும், அப்புறம் புதிய விண்டோஸும் சேர்ந்து போகும். இப்படிப்பட்ட டிஸ்க்கிலிருந்து நகலெடுக்க லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற கருவி இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் வேகமாக அள்ளிக்கொண்டு, கெட்ட பகுதிகளைக் கடைசியில் முயற்சி செய்யும். எதுவரை படித்தது என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்வதால் பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கட்டளை வரியில் பழக்கமில்லாதவர்கள் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள், ஏனென்றால் மூல டிஸ்க்கையும் இலக்கு டிஸ்க்கையும் மாற்றிக் கொடுத்தால் எல்லாம் போய்விடும்.

நீலத் திரையில் 48 இலக்கச் சாவி கேட்கிறது

இது பிட்லாக்கர், டிஸ்க்கைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸின் வசதி. பல லேப்டாப்புகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தவுடன் டிஸ்க் தானாகக் குறியாக்கம் (என்கிரிப்ட்) ஆகிவிடுகிறது. வீட்டில் யாருக்கும் அது தெரிவதில்லை. பயாஸ் அப்டேட், டிபிஎம் (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சிப்) அமைப்பில் மாற்றம், தாய்ப்பலகை மாற்றம் இவற்றுக்குப் பிறகு கணினி தன்னையே சந்தேகித்து மீட்புச் சாவியைக் கேட்கும்.

வேறு கணினியிலோ கைபேசியிலோ மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய், உங்கள் சாதனங்கள் பகுதியில் பிட்லாக்கர் மீட்புச் சாவிகளைத் தேடுங்கள். திரையில் காட்டும் சாவி அடையாளத்தின் முதல் எழுத்துகளும் அங்கே உள்ளதும் ஒத்துப்போக வேண்டும். லேப்டாப்பை முதன்முதலில் அமைத்தவர் யாரோ, சாவி அவர் கணக்கில்தான் இருக்கும். அண்ணன் அமைத்துக் கொடுத்திருந்தால் அண்ணன் கணக்கில் பாருங்கள். எங்குமே இல்லையென்றால் அந்தக் கோப்புகளைத் திறக்க வழி கிடையாது. தொலைந்த சாவியை மைக்ரோசாஃப்டாலும் உருவாக்கித் தர முடியாது. இதைப் படிக்கும் இந்த நேரத்தில் உங்கள் கணினி நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், தயவுசெய்து இப்போதே அந்தச் சாவியை எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

பென் டிரைவ் போட்டும் அதிலிருந்து பூட் ஆகவில்லை

இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் டிஸ்க்கின் முழு நகல்) அப்படியே பென் டிரைவில் நகலெடுத்திருப்பீர்கள். பெரும்பாலும் இதுதான் காரணம். நகலெடுத்தால் போதாது, மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் மூலமோ ரூஃபஸ் மூலமோ எழுத வேண்டும். சரியாக எழுதியும் வரவில்லை என்றால், ஆன் செய்தவுடன் பூட் மெனு விசையை விட்டுவிட்டுத் தட்டுங்கள். டெல், லெனோவாவில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. முன்பக்கத் துளையில் வராதது பின்பக்கத் துளையில் வரலாம், அதையும் முயன்று பாருங்கள்.

நிறுவல் ஓடுகிறது, ஆனால் டிஸ்க்கைக் காட்டவில்லை, அல்லது இதில் போட முடியாது என்கிறது

டிஸ்க் பட்டியல் காலியாக இருந்தால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று பதறாதீர்கள். இன்டெலின் 11ஆம் தலைமுறையிலிருந்து வரும் பல லேப்டாப்புகளில் எஸ்எஸ்டியை நிர்வகிக்கும் விஎம்டி என்ற அமைப்பு இயங்குகிறது. அதற்கான டிரைவர் இல்லாமல் நிறுவியால் எஸ்எஸ்டியைப் பார்க்க முடியாது. லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, அதே பென் டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டு, "லோட் டிரைவர்" மூலம் காட்டுங்கள். டிஸ்க் உடனே பட்டியலில் வந்துவிடும்.

எம்பிஆர் டிஸ்க், ஜிபிடியில்தான் போட முடியும் என்று சொன்னால் (இவை டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் பழைய, புதிய முறைகள்), பழைய பயாஸ் முறையில் பிரிக்கப்பட்ட டிஸ்க்கில் புதிய யுஇஎஃப்ஐ முறையில் போட முயல்கிறீர்கள். எல்லாப் பார்ட்டிஷன்களையும் அழித்தாலும் டிஸ்க் எம்பிஆராகவே நின்றால், டிஸ்க்பார்ட் என்ற விண்டோஸ் கட்டளைக் கருவியில் அதை முழுசாகத் துடைத்து ஜிபிடிக்கு மாற்ற வேண்டும். பேக்கப் கையில் இருக்கிறது என்று உறுதியான பிறகு மட்டும் இதைச் செய்யுங்கள். டி டிரைவ் என்று நீங்கள் நினைப்பதும் அதே டிஸ்க்கின் இன்னொரு பகுதியாக இருக்கலாம். சியைத் துடைக்கிறேன் என்று இரண்டையும் துடைத்தவர்கள் நிறைய.

டெஸ்க்டாப் கணினியில் இரண்டு டிஸ்க் இருந்தால், விண்டோஸ் போகாத டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் ஆபத்து நீங்குகிறது. அதோடு, மற்ற டிஸ்க்கில் ஏற்கெனவே பூட் பகுதி இருந்தால் விண்டோஸ் தன் பூட் கோப்புகளை அங்கே கொண்டுபோய் வைத்துவிடும். ஆறு மாதம் கழித்து அந்தப் பழைய டிஸ்க்கைக் கழற்றும் நாளில், புத்தம்புது விண்டோஸ் பூட் ஆகாது.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால் எப்படியும் போடுகிறோம், 11ஐயே போடலாம் என்று தோன்றும். "இந்தக் கணினி தகுதியில்லை" என்று வந்தால் உடனே கைவிடாதீர்கள். டிபிஎம் 2.0 பல கணினிகளில் இருந்தும் பயாஸில் அணைந்து கிடக்கிறது. இன்டெலில் அதன் பெயர் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம்.

போட்டு முடித்தாயிற்று, வைஃபை இல்லை

வைஃபைக்கு டிரைவர் வேண்டும், டிரைவரை இறக்க வைஃபை வேண்டும். கைபேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள், பெரும்பாலும் உடனே இணையம் வந்துவிடும். விண்டோஸ் அப்டேட் மீதி டிரைவர்களைத் தானே தேடிக்கொள்ளும்.

ஆக்டிவேட் செய்யச் சொல்கிறது

அதே கணினி, அதே பதிப்பு என்றால் சாவி எதுவும் கொடுக்காமலே இணையம் கிடைத்ததும் ஆக்டிவேட் ஆகிவிடும். உரிமம் வன்பொருளோடு பதிவாகியிருக்கிறது. ஆகவில்லையென்றால் ஹோம் இருந்த இடத்தில் புரோ போட்டுவிட்டீர்களா என்று பாருங்கள். தாய்ப்பலகை மாற்றியிருந்தால் ஆக்டிவேஷன் ட்ரபுள்ஷூட்டரில் பழைய மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைய வேண்டும்.

பழைய தமிழ்க் கோப்புகள் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிகின்றன

இதைப் பார்த்துக் கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்தவர்கள் உண்டு. கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான், அதைத் தமிழாகக் காட்டியது எழுத்துரு. ஃபார்மட்டில் எழுத்துரு போனதால் உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது. யூனிகோடின் 1991 முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தாலும், விண்டோஸ் 2000த்தில் லதா எழுத்துரு வந்த பிறகும் பல வருடங்களுக்கு அச்சகங்களும் வீடுகளும் பாமினியில்தான் தட்டச்சு செய்துகொண்டிருந்தன. அந்தக் காலத்துக் கடிதங்கள் இன்னும் நம் டிஸ்க்குகளில் இருக்கின்றன.

எழுத்துருவைத் திரும்பப் போட்டால் தமிழ் வந்துவிடும். ஆகவே ஃபார்மட்டுக்கு முன் சி டிரைவில் விண்டோஸுக்குள் உள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் நகலெடுங்கள். உங்கள் கணக்குக்கு மட்டும் நிறுவிய எழுத்துருக்கள் அங்கே இருக்காது. ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்று உள்ளே போய்த் தேட வேண்டும். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர். லதா மட்டும்தான் காணோம் என்றால் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் தமிழ்க் கூடுதல் எழுத்துருக்களைச் சேர்த்தால் வந்துவிடும். இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்று எதில் தட்டச்சு செய்தீர்களோ அதன் நிறுவல் கோப்பையும் பேக்கப்பில் சேருங்கள்.

பேக்கப்பைத் திறந்தால் கோப்பு இல்லை

சில வருடங்களுக்கு முன் அக்காவின் லேப்டாப்புக்கு விண்டோஸ் போட்டேன். டெஸ்க்டாப்பில் இருந்த அத்தனையையும் தேர்ந்தெடுத்து எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு இழுத்தேன், சில நொடிகளில் முடிந்தது. முழு டிஸ்க்கையும் துடைத்து விண்டோஸ் போட்டு, எல்லாவற்றையும் திரும்ப வைத்தேன். "ஆய்வேடு" என்ற மஞ்சள் ஃபோல்டரை அக்கா கிளிக் செய்தாள். கோப்பு காணவில்லை என்றது. அந்த ஐகானின் இடது கீழ் மூலையில் வளைந்த சின்ன அம்புக்குறி, அளவு 2 கேபி. நான் நகலெடுத்தது ஷார்ட்கட்டை. உண்மையான ஃபோல்டர் டி டிரைவில் இருந்தது, டியையும் நான் துடைத்திருந்தேன். அது பழைய வகை ஹார்ட் டிஸ்க் என்பதால் உடனே நிறுத்திவிட்டு, வேறு டிஸ்க்கிலிருந்து ஃபோட்டோரெக் என்ற கோப்பு மீட்பு மென்பொருளை ஓட்டினேன். பெயர்கள் எதுவும் இல்லாமல், வெறும் எண்களோடு நூற்றுக்கணக்கான கோப்புகள் வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து மூன்று அத்தியாயங்களைக் கண்டுபிடித்தோம். மற்ற இரண்டை அக்கா மறுபடி எழுதினாள். எஸ்எஸ்டியாக இருந்திருந்தால் அந்த மூன்றும் கிடைத்திருக்காது. அழித்த இடத்தை எஸ்எஸ்டி ட்ரிம் மூலம் தானே காலி செய்துவிடும்.

ஆகவே நகலெடுத்த பிறகு இரண்டு பக்கமும் ப்ராப்பர்ட்டீஸ் திறந்து கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிடுங்கள். பத்து வருடப் படங்கள் 40 கேபியில் அடங்காது.

டெஸ்க்டாப் ஃபோல்டரே காலியாக நகலாகியிருந்தால் ஒன்டிரைவைப் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு) பாருங்கள். அது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களைத் தன் ஃபோல்டருக்குள் நகர்த்தியிருக்கும். மேகக் குறி போட்ட கோப்புகள் கணினியில் இல்லவே இல்லை, இணையத்தில் மட்டும் இருக்கின்றன. நகலெடுக்கும் முன் "எப்போதும் இந்தச் சாதனத்தில் வை" என்று சொல்லி இறக்க வேண்டும். ஒன்டிரைவில் இருப்பதையே பேக்கப் என்று நினைக்க வேண்டாம். கணினியில் அழித்தால் அங்கேயும் அழியும், மறுசுழற்சித் தொட்டியில் 30 நாள் வரை மட்டும் கிடைக்கும்.

பேக்கப் எடுக்காமலே மேலே நிறுவிவிட்டீர்கள் என்றால், பார்ட்டிஷனை ஃபார்மட் செய்யாதவரை சி டிரைவில் "விண்டோஸ்.ஓல்ட்" இருக்கும். அதற்குள் யூசர்ஸ் ஃபோல்டரில் பழைய கோப்புகள் அப்படியே இருக்கும். சுமார் 10 நாட்களில் விண்டோஸ் அதைத் தானே நீக்கிவிடும், இன்றே எடுத்துவிடுங்கள்.

மேக் என்றால்

ஆப்பிள் சிப் உள்ள மேக்கில் பவர் பட்டனை ஸ்டார்ட்அப் ஆப்ஷன்ஸ் தெரியும்வரை பிடித்திருங்கள், இன்டெல் மேக்கில் கமாண்ட் விசையையும் ஆர் (R) விசையையும். அங்கிருந்து மேக்ஓஎஸ்ஸை மறுபடி நிறுவினால் சாதாரணமாகக் கோப்புகள் அப்படியே இருக்கும். டைம் மெஷின் பேக்கப் இருந்தால் மீதியையும் அதிலிருந்தே கொண்டுவரலாம்.

எல்லாம் ஓடுகிறது, இப்போது பேக்கப்

டிரைவர்களும் வழக்கமான மென்பொருட்களும் ஏறிய அன்றே ஒரு சிஸ்டம் இமேஜ் (விண்டோஸும் மென்பொருட்களும் சேர்ந்த முழு நகல்) எடுத்துவிடுங்கள். அடுத்தமுறை ஒவ்வொன்றாகப் போட வேண்டியதில்லை. ஆனால் விண்டோஸின் சொந்த இமேஜ், எடுத்த டிஸ்க்கை விடச் சிறிய டிஸ்க்கில் இறங்காது. 1 டிபி ஹார்ட் டிஸ்க்கின் இமேஜை 500 ஜிபி எஸ்எஸ்டியில் இறக்க முயன்று நின்றவர்கள் பலர். கோப்புகளுக்கு 3-2-1 என்ற பழைய கணக்கே போதும்: மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். எக்ஸ்டர்னல் டிஸ்க்கை எப்போதும் சொருகியே வைக்காதீர்கள், ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) நுழைந்தால் சொருகியிருப்பதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

இமேஜிலிருந்து மீட்க எந்தப் பென் டிரைவ் வேண்டுமோ அதையும் இன்றே உருவாக்கி, ஒருமுறை அதிலிருந்து பூட் செய்து மெனு வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் பேக்கப்பிலிருந்து ஒரு படம், ஒரு கடிதம், ஒரு கணக்குக் கோப்பு என்று மூன்றை வேறொரு கணினியில் இறக்கித் திறந்து பாருங்கள். மூன்றும் திறந்தால் டிஸ்க்கைக் கழற்றி, மேலே தேதி எழுதி, உள்ளே வைக்கலாம்.